இயந்திரத்தின் பிணி அறிதல்

கடலிற் செல்லும் படகுக்குக் காற்றும் துடுப்புமே துணையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்து மீனவர் காற்று வீசியபோது பாய் விரித்தனர். காற்று ஓய்ந்தபோது துடுப்பு வலித்தனர். இன்று நம் கடற்கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் நாரிழைப் படகுகளையும் வள்ளங்களையும் பார்த்தால், அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் ஓர் இயந்திரம் தொங்குவதைக் காணலாம். படகின் உடலுக்குள் அமையாமல் வெளியே மாட்டப்படுவதால், இதனை வெளிப்பொருத்தும் இயந்திரம் என்பர். வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இவ்வகை இயந்திரத்தைப் பலரும் வாங்கத்தக்க பொருளாக ஆக்கியவருள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட் என்பவர். இவர் 1877 ஆம் ஆண்டில் நார்வே நாட்டிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். இவருக்கு முன்னரும் சிலர் இத்தகைய இயந்திரங்களைச் செய்ததுண்டு. ஆயினும், 1909 ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இவர் விற்கத் தொடங்கிய இயந்திரமே பெரும்புகழ் பெற்றது. அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத் திறன். எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும், முன்பு செய்யப்பட்டவற்றுள் பல இன்றும் நீர்நிலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நன்கு பேணப்பட்ட இயந்திரம் தன்னைச் செய்த தொழிற்சாலையைக் காட்டிலும் நெடுநாள் வாழும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

ஆனால், முதுமை எய்திய உடலுக்குப் பிணி வருவதுபோலப் பழைய இயந்திரத்திற்கும் குறைகள் வருகின்றன. தரையில் ஓடும் வண்டி பழுதுற்றால் அதனைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து செல்லலாம். கடலில் அவ்வாறு செய்ய இயலுமா? இயந்திரம் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். கரைக்கு அருகில் அலை உடையும் இடத்தில் இயந்திரம் நின்றுவிடின் ஆபத்து இன்னும் பெரிது. முகம் திரும்பிய படகின் பக்கவாட்டில் அலை மோதும், படகு கவிழும். ஆதலின், இயந்திரம் ‘சற்றே சரியில்லை’ என்பதைச் சிறிய செய்தியாகக் கருதிக் கடலுக்குச் செல்லுதல் அறிவுடைமை ஆகாது. குறையைக் கரையிலேயே கண்டு தீர்த்தல் வேண்டும்.

குறையைக் காண வேண்டுமாயின், இயந்திரம் எவற்றால் உயிர் வாழ்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய வெளிப்பொருத்தும் இயந்திரங்களுள் பெரும்பாலானவை இருவீச்சு முறையில் இயங்குபவை. அவை ஓடுவதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை. முதலாவது, தக்க அளவில் காற்றோடு கலந்த எரிபொருள். இரண்டாவது, உரிய நேரத்தில் எழும் வலிமையான தீப்பொறி. மூன்றாவது, சிலிண்டருக்குள் அக்கலவையை நெருக்கும் அழுத்தம். இம்மூன்றும் இருந்தால் இயந்திரம் ஓடும். ஓடும் இயந்திரம் வெப்பத்தால் கெடாதிருக்க, அதனைச் சுற்றி நீர் ஓடுதல் வேண்டும். இந்நான்கில் எது குறைந்தது என்று காண்பதே பிணி அறிதலாகும்.

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்தை எடுப்பதில்லை. “எப்பொழுது வலிக்கிறது? உண்டபின்னா, உண்ணுமுன்னா?” என்று வினவுகிறார். இயந்திரத்தையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். புறப்படவே மறுக்கிறதா? மெதுவாக ஓடும்போது மட்டும் தடுமாறுகிறதா? விரைவைக் கூட்டும்போது சோர்கிறதா? நன்கு ஓடிச் சூடேறிய பின்னர் நிற்கிறதா? மெதுவான ஓட்டத்தில் மட்டும் தடுமாறினால், கார்புரேட்டரில் அவ்வோட்டத்திற்குரிய நுண்துளை அடைபட்டிருத்தல் கூடும். விரைவில் மட்டும் சோர்ந்தால், எரிபொருள் போதிய அளவு வந்து சேரவில்லை என ஐயுறலாம். சூடேறிய பின்னர்த் தீப்பொறி மறைந்து, ஆறிய பின்னர் மீண்டும் தோன்றினால், பழைய மின்சுருளின்மீது ஐயம் கொள்ளலாம். ‘எப்பொழுது’ என்னும் ஒரு வினாவுக்குக் கிடைக்கும் விடையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவருடைய படகில் இரண்டு சிலிண்டர்களை உடைய பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். அது கரையில் உடனே புறப்படுகிறது. பத்து நிமிடம் விரைவாக ஓடுகிறது. பின்னர் இருமுகிறது, சோர்கிறது, நிற்கிறது. சிறிது நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் மீண்டும் புறப்படுகிறது. உரிமையாளர் தீப்பொறி தரும் பிளக்குகளை மாற்றுகிறார், பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கிறார்; பயனில்லை. பணமும் பல நாளைய உழைப்பும் வீணாகின்றன. இறுதியில் காரணம் எங்கே கிடைக்கிறது? இயந்திரத்தில் அன்று, எரிபொருள் தொட்டியின் மூடியில்! அம்மூடியில் காற்று நுழைவதற்கென அமைந்த சிறு திருகு திறக்கப்படவில்லை.

எண்ணெய்த் தகரத்தில் ஒரே ஒரு துளையிட்டுச் சாய்த்தால் எண்ணெய் ஒழுங்காக ஒழுகாது. எதிர்ப்புறத்தில் மற்றொரு துளையிட்டால் நன்கு ஒழுகும். வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே புக வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம். மூடப்பட்ட தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. எரிபொருள் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் தாழ்கிறது. ஒரு நிலையில் எரிபொருள் வருவது நின்றுவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் காற்று மெல்லக் கசிந்து நுழைகிறது; இயந்திரமும் மீண்டும் ஓடுகிறது. ‘விரைவாகப் பத்து நிமிடம் ஓடியபின்’ என்ற குறிப்பை ஆராய்ந்திருந்தால், காசு செலவின்றியே இக்குறை தீர்ந்திருக்கும். எளியதையும் வெளியே உள்ளதையும் முதலிற் பார். அரியதையும் உள்ளே உள்ளதையும் பின்னர்ப் பார் என்பது இதனாற் பெறப்படும் விதி.

அவ்விதிப்படி எரிபொருளிலிருந்தே தொடங்குவோம். தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தல் வேண்டும். நீர் கலந்திருந்தால் அது பெட்ரோலினும் அடர்த்தி மிகுந்ததாதலால் அடியில் தனியே தங்கும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கவல்லது. பல மாதம் கிடந்த பெட்ரோல் பிசின்போல் படிந்து நுண்துளைகளை அடைக்கும். இருவீச்சு இயந்திரத்தில் பெட்ரோலோடு உயவெண்ணெயும் கலத்தல் வேண்டும். பல இயந்திரங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் போதும். மிகப் பழையவற்றுக்கு அதனினும் மிகுதியாக வேண்டும். கையேடு கூறும் அளவே அளவு. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து இறுகிவிடும். மிகுந்தால் பிளக்கில் கரி படியும்.

தொட்டிக்கும் இயந்திரத்திற்கும் இடையிலுள்ள குழாயில் கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் ஒன்று உண்டு. இயந்திரம் சோரும்போது அக்குமிழை அழுத்தினால் அது தெளிவடைகிறதா என்று பார்க்க வேண்டும். தெளிவடைந்தால், எரிபொருளை இழுக்கும் பம்பிலோ குழாயிலோ குறை உண்டு எனக் கருதலாம். காற்று வரும் வழியைக் குறுக்கும் சோக்கைச் சற்றே இழுத்தவுடன் நன்கு ஓடினால், கலவையில் எரிபொருள் குறைந்துள்ளது என்பது விளங்கும். சில இடங்களில் இவ்வியந்திரத்தைப் பெட்ரோலால் புறப்படச் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். அவ்வாறு ஓட்டுவோர் நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுதல் நன்று. இல்லையேல், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் இயந்திரத்தைப் புறப்பட விடாது.

அடுத்தது தீப்பொறி. பிளக்குகளைக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று குறித்து வைத்து ஒப்பிடுதல் வேண்டும். அதன் முனை இளம்பழுப்பு நிறமாயின் எரிதல் செவ்வனே நடைபெறுகிறது. கறுத்து ஈரமாக இருப்பின், எரிபொருள் மிகையாகவோ தீப்பொறி வலுவின்றியோ இருத்தல் கூடும். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்பம் அளவு கடந்தது. நீர்த்துளியோ துருவோ காணப்பட்டால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. பழைய மேக்னட்டோவில் மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் முனைகள் உண்டு. அவற்றின் இடைவெளி பல இயந்திரங்களில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அம்முனைகளில் படியும் மெல்லிய துருவும் தீப்பொறியை அழித்துவிடும். தீப்பொறியைச் சோதிக்கும்போது அருகில் பெட்ரோல் திறந்திருத்தல் ஆகாது. அதன் ஆவி நொடியில் தீப்பற்றும்.

மூன்றாவது, அழுத்தம். பிளக்கைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்திக் கயிற்றைப் பலமுறை இழுத்து அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டும், மற்றொன்று 97 பவுண்டும் காட்டினால் கவலையில்லை. மற்றொன்று 60 பவுண்டே காட்டினால், வளையங்களோ சிலிண்டரோ கேஸ்கட்டோ கெட்டுள்ளது. அந்நிலையில் கார்புரேட்டரை எத்துணை முறை துடைத்தாலும் பயன் இராது. ஆதலின், பெரும்பொருள் செலவிடுமுன் இச்சோதனையைச் செய்தல் சிறந்தது.

இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பாய்வதைக் காணலாம். அது குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். தாரை நின்றால் இயந்திரத்தையும் உடனே நிறுத்த வேண்டும். நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் முதுமையால் இறுகியோ கிழிந்தோ இருக்கலாம். பாசியும் உப்பும் வழியை அடைத்திருக்கலாம். நீரின்றி ஓட்டினால் அச்சக்கரம் சிறிது நேரத்திலேயே கெடும். எனவே, கரையில் சோதிப்போர் இயந்திரத்தின் அடிப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கியே ஓட்டுதல் வேண்டும். சுழலியையும் இணைப்பிலிருந்து விடுவித்திருத்தல் வேண்டும். இயந்திரம் உரத்து ஓடியும் படகு நகராவிடின் குறை இயந்திரத்தில் இல்லை. சுழலியின் நடுவிலுள்ள ரப்பர் நழுவியிருக்கலாம். அல்லது அதனைக் காக்கும் ஊசி முறிந்திருக்கலாம்.

இத்துணைச் சோதனைகளிலும் மறவாது போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். பிளக்கு, குழாய், கார்புரேட்டர் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றியவர், இயந்திரம் ஓடினாலும் எதனால் ஓடியது என்பதை அறியார். மீண்டும் அக்குறை தோன்றினால் அவர் தொடக்கத்திலிருந்தே தேடுதல் வேண்டும். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, அதன்பின் அடுத்ததற்குச் செல்பவரோ, ஒவ்வொரு தோல்வியாலும் ஒரு காரணத்தை விலக்கிவிடுகிறார். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நடைபெறுவதும் இம்முறையே. படகுத்துறையில் கையில் எண்ணெய்க் கறையோடு அமர்ந்து பழுது பார்ப்பவரும் இம்முறையைக் கைக்கொள்ளும்போது ஆராய்ச்சியாளரே ஆகிறார்.

குறை தீர்ந்த பின்னரும் கடமை முடிவதில்லை. கடலிலிருந்து திரும்பியவுடன் நன்னீர் செலுத்தி உள்ளே தங்கிய உப்பைக் கழுவுதல் வேண்டும். மாற்றுப் பிளக்கும், அதனைக் கழற்றும் கருவியும், சுழலிக்குரிய ஊசியும் படகில் இருத்தல் வேண்டும். அவற்றோடு துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் இருத்தல் வேண்டும். எத்துணைக் கருத்தாகப் பேணினும் பழைய இயந்திரம் ஒருநாள் நின்றுவிடக்கூடும். அந்நாளில் முன்னோர் கைப்பிடித்த துடுப்பே மீண்டும் கரை சேர்க்கும்.