மலைநாட்டிற் சிறு பெற்றோற் கார்

வானொலி அலையால் ஏவப்படும் பெரிய பெற்றோற் கார், மெய்யான காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவினது. தேயிலைத் தோட்டங்களிற் புல்வெட்டும் பொறியில் உள்ளது போன்ற ஈரடிப்பு எஞ்சினே அதனை இயக்குகின்றது. புதிதாகக் கையாள்வோர் அறியவேண்டியவற்றை ஈண்டுக் கூறுவோம்.

பெற்றோலோடு கலந்த எண்ணெயே முசலத்தைக் காக்கின்றது. 25க்கு 1 என்னும் விகிதமாயின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஈரடிப்பு எண்ணெய் வேண்டும். வெறும் பெற்றோலை ஊற்றின் முசலம் உருளையோடு இறுகிவிடும்.

எஞ்சின் இயங்க மறுப்பின் முதலிற் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. நனைந்திருப்பின் எரிபொருள் மிகுதி, துடைத்து உலர்த்துக. உலர்ந்திருப்பின் எரிபொருள் வரவில்லை. குழாயையும் வடியையும் சோதிக்க.

நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தினும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. ஆதலாற் கொழும்பிற் செம்மையாய் ஓடிய கார் இங்கே புகை கக்கித் தயங்கும். காபரேற்றர் ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே திருகி எரிபொருளைக் குறைத்தல் வேண்டும்.

கீழே இறங்கும்போது அவ்வூசியை மீளத் திறக்க மறத்தல் ஆகாது. மறந்தால் எரிபொருளோடு எண்ணெயும் குறைந்து எஞ்சின் கொதித்துக் கெடும். நாம் ஒருமுறை மறந்தோம். முசலத்திற் கீறல் விழுந்த பின்னரே உணர்ந்தோம்.

இறுதியாக ஒன்று. அலைத் தொடர்பு அறுந்தால் தானே தடை பிடிக்கும் அமைப்பை ஒவ்வொரு முறையும் சோதித்த பின்னரே ஓட்டுக. லயத்து முற்றத்திற் பிள்ளைகள் விளையாடுகின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.