செயலியே முதலாளி என்றாலும் சங்கம் உண்டு

கேள்வி: மகன் மோட்டார்சைக்கிளில் சாப்பாடு விநியோகிக்கிறான். வயது 27. முதலாளி என்று யாரும் இல்லை, செயலி மட்டும்தான். இவனுக்கெல்லாம் சங்கம் உண்டா?
- ஒரு தாய், சுவா சூ காங்

பதில்: உண்டு, அம்மா. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தள ஊழியர் சட்டம், உங்கள் மகனைப் போல் செயலி வழி வேலை செய்பவர்களைச் சுயதொழில் செய்வோருக்கும் ஊழியர்களுக்கும் இடையே தனிப் பிரிவாக ஏற்றிருக்கிறது. வேலையில் அடிபட்டால் செயலியை நடத்தும் நிறுவனம் இழப்பீடு தரவேண்டும். 1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சந்தாவும் கட்டாயம். நிறுவனத்தின் பங்கோடு உங்கள் மகனின் சம்பாத்தியத்திலும் ஒரு பகுதி பிடிக்கப்படும். கைக்கு வரும் பணம் குறைகிறதே என்று அவர் வருந்தினால், பிற்காலத்தில் வீடு வாங்க அது உதவும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இவற்றைவிட முக்கியம், கூட்டாகப் பேரம் பேசும் உரிமை. தள ஊழியர் சங்கம் இப்போது நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்யலாம். ஒரு நடைக்கு எவ்வளவு, கணக்கை ஏன் முடக்கினார்கள் என்பதையெல்லாம் தனியாளாகச் செயலியிடம் கேட்டுப் பதில் வாங்குவது கடினம்; சங்கம் கேட்கலாம். ஆனால் பலர் சேராத சங்கத்துக்குப் பேரம் பேசும் பலம் இராது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை (என்டியுசி) சார்ந்த தேசிய விநியோக சாம்பியன்கள் சங்கத்தில் அவரை இந்த மாதமே சேரச் சொல்லுங்கள்.