தறிக்குப் பக்கத்தில் போன் பேசுகிறவர்களுக்கு

ஆரணியில் பட்டு வியாபாரப் பேச்சு இப்போது பெரும்பாலும் போனில்தான். "பார்டர் எத்தனை இஞ்ச்?" என்பார் கடைக்காரர். நாம் "எட்டு" என்போம், அவர் காதில் "பத்து" என்று விழும். சேலை கைக்குப் போன பிறகுதான் வம்பு தெரியும். உடனே டவரைத் திட்டுவோம். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வீட்டுத் தறியையும் பார்த்துக்கொள்கிறவன் நான். டவர் பாவம் என்றே சொல்வேன்.

பழைய டிஜிட்டல் தொலைபேசியில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் கிடைத்தது. செல்போனில் குரலைச் சுருக்கும் ஏஎம்ஆர் முறை அதிகபட்சம் 12.2 தான் தரும். சிக்னல் மோசமானால் 4.75 வரை இறங்கும். இதற்கு அடிப்படை, 1985இல் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடலும் வெளியிட்ட செல்ப் முறை. அன்று ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க க்ரே-1 சூப்பர் கணினிக்கே சுமார் 150 நொடி பிடித்ததாம்!

இந்த முறை ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை தொண்டையும் வாயும் என்ன வடிவில் இருக்கின்றன என்று கணித்து, அந்தக் குறிப்புகளை அனுப்பும். மறுமுனையில் இருக்கும் போன் அவற்றை வைத்துக் குரலை மறுபடி உண்டாக்கும். அது எதிர்பார்ப்பது ஒரே ஒரு மனிதக் குரல். நாடா அடிபடும் சத்தமும் ஜக்கார்டின் கடகடப்பும் கலந்தால், அதையும் தொண்டைக் கணக்கில் சேர்த்துக் குழம்பிவிடும். 'எட்டு', 'பத்து' இரண்டிலும் நடுவே நாக்கு அடைத்து, ஒரு கணம் ஓசை நின்று, பிறகு விடுபடுகிறது. எது 'ட்', எது 'த்' என்று காட்டுவது அந்தச் சின்ன இடம்தான். தறிச் சத்தம் அங்கே புகுந்தால் போச்சு.

ஆகவே, சுருங்குவதற்கு முன்பே குரலைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்தில், மூச்சு படாமல் ஓரமாக இருக்கட்டும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசவே பேசாதீர்கள். கத்தவும் வேண்டாம், மைக் தாங்காமல் ஒலி உடையும். செட்டிங்ஸில் 4ஜி வழியே பேசும் வோல்டிஇ-யை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் 12.65 கிலோபிட்டிலேயே 7000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பழைய முறையில் 3400தான். வாய்ஸ் மெசேஜை ஒரு போனில் ஓடவிட்டு இன்னொன்றில் பதியாதீர்கள்; இரண்டாம் முறை சுருங்கினால் மிச்சமும் கெடும். ஃபார்வர்டு செய்யுங்கள்.

என்ன செய்தாலும் அளவையும் டிசைன் நம்பரையும் ஒருமுறை எழுதியும் அனுப்பிவிடுங்கள்.