கடல் மூடும் வீதி



இங்கிலாந்தின் வடகிழக்கே, நோதம்பர்லாந்துக் கரையை அடுத்து லிண்டிஸ்பார்ண் என்னும் சிறு தீவு உள்ளது. கி.பி. 635 இல் ஏய்டன் என்னும் துறவி மடம் நிறுவிய இடம் அது. அதனால் புனிதத் தீவு என்றும் அதனை அழைப்பர். அங்கு நிலையாக வாழ்வோர் இருநூறு பேருக்கும் குறைவு. ஆனால், ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் அதனைக் காண வருகின்றனர்.

இத்தீவு எந்நேரமும் தீவாக இருப்பதில்லை. நாளொன்றில் இரு தடவை கடல் வற்றும்போது நிலத்தோடு இணைகிறது, பெருகும்போது பிரிகிறது. முற்காலத்தில் மக்கள் மணற்பரப்பில் நாட்டப்பட்ட கம்பங்களை வழிகாட்டியாகக் கொண்டு நடந்தே கடந்தனர். 1954 இல் வாகனங்கள் செல்லத்தக்க தாம்போதி திறக்கப்பட்டது. நீர்ப்பரப்பின் குறுக்கே அமைக்கப்படும் வீதியையே தாம்போதி என்கிறோம். எனினும், பெருக்கு வந்ததும் அதன் தாழ்ந்த பகுதி மூழ்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 5 மணித்தியாலம் போக்குவரத்து நின்றுவிடும்.

வற்றுப்பெருக்குக்குக் காரணம் சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதாகும். ஓர் உச்சப் பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணித்தியாலமும் 25 நிமிடமும் செல்லும். ஆகவே, வீதி மூடும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. பாதுகாப்பாகக் கடக்கத்தக்க நேரங்களை மாவட்ட நிருவாகம் முன்கூட்டியே அட்டவணையாக வெளியிடுகிறது. கடைக்குப் பொருள் வருவதும், பேருந்து ஓடுவதும், விருந்தினர் விடைபெறுவதும் அவ்வட்டவணைப்படியே.

இருந்தும், ஆண்டுதோறும் சிலர் நடுவழியில் அகப்படுகின்றனர். "வீதியில் இன்னும் நீர் இல்லையே" என்று கண்ணை நம்பி வாகனத்தைச் செலுத்துவோர் இவர்கள். இத்தகையோருக்கென வீதியோரத்தில் உயர்ந்த தூண்களின் மேல் வெண்ணிறக் குடில் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. வாகனத்தைக் கைவிட்டு, அதில் ஏறி, மீட்புப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சென்ற கோடையில் குடும்பத்தோடு அங்கு சென்றிருந்தேன். அறிவிப்புப் பலகையில் நேரங்களைக் கண்டபோது ஊர் நினைவு வந்தது. எங்கள் வேலணையையும் புங்குடுதீவையும் தாம்போதி ஒன்று இணைக்கிறது. அங்கு வற்றுக்கும் பெருக்குக்குமிடையே நீர்மட்டம் ஒரு மீற்றரளவும் மாறுவதில்லை. ஆதலால் கடல் நாள்தோறும் வழிமறிப்பதில்லை. ஆனால், 2006 ஓகஸ்ட் மாதம் போரினால் ஏ9 வீதி மூடப்பட்டது. அப்பொழுது நான் யாழ்ப்பாணத்தில் இளம் ஆசிரியன். தந்தை கொழும்பில் அகப்பட்டிருந்த மாணவி ஒருத்தி, "சேர், பாதை எப்ப திறக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் அட்டவணை எதுவும் இருக்கவில்லை. விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தேன். 2009 வரை அவ்வீதி திறக்கவில்லை.

பெற்றோர்களே! ஊரிலுள்ள அம்மம்மாவுக்கும் இங்கு வளரும் பேரப்பிள்ளைக்கும் இடையேயுள்ள வீதி தமிழ்தான். வாரத்தில் சில மணித்தியாலமே நம் பாடசாலையில் அது திறந்திருக்கிறது. "பிள்ளைக்கு விளங்குகிறதுதானே, அடுத்த ஆண்டு சேர்க்கலாம்" என்பது, நீர் இல்லையே என்று வாகனத்தைச் செலுத்துவது போன்றதே. பிள்ளைப் பருவம் கடந்தபின் மொழியைக் கற்பது இயலாததன்று; ஆனால் மிகக் கடினம். அதற்குள் அம்மம்மாவும் இல்லாது போகலாம். அன்று அம்மாணவிக்குக் கூற இயலாத விடையை இன்று உங்களுக்குக் கூற முடிகிறது: இந்த வீதி இப்பொழுது திறந்திருக்கிறது.

பயிற்சி

1. இன்று நண்பகல் 12 மணிக்கு உச்சப் பெருக்கு ஏற்படின், நாளை நண்பகலுக்குப் பின் எத்தனை மணிக்கு ஏற்படும்?
2. 'தாம்போதி' என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
3. உமது அம்மம்மா அல்லது அப்பப்பா சிறுவயதில் பாடசாலைக்குச் சென்ற வழியை அவரிடமே கேட்டறிந்து, பத்து வரிகள் எழுதுக.