சுவரும் சித்திரமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முதுமொழி. திரைப்படத்திற்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் இது நன்கு பொருந்தும். கதை என்பது சித்திரம். அது நிகழும் காலமும் இடமும் சூழலும் சுவர். நாம் பெரும்பாலும் சித்திரத்தைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடுகிறோம். சுவரையும் பார்க்கக் கற்றால் பயன் இரட்டிப்பாகும். இதற்கு இரு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

1. வரலாற்றில் எழுந்த கதை

1965இல் வெளிவந்து ஐந்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற ஆங்கிலப் படம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. கன்னியர் மடத்தில் சேர்ந்த மரியா என்னும் இளம்பெண், தாயை இழந்த ஏழு குழந்தைகளைப் பேண ஒரு கடற்படை அதிகாரியின் இல்லத்திற்கு அனுப்பப்படுகிறாள். பாட்டாலும் பரிவாலும் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்து, பின்னர் அவர்களுக்கே தாயாகிறாள். ஆஸ்திரியா நாடு ஹிட்லர் வசமாகவே, குடும்பத்தினர் இரவோடிரவாக மலையேறிச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புகின்றனர்.

நடந்தது என்ன? மரியா அம்மையார் அவ்வீட்டிற்குச் சென்றது, நோயுற்றிருந்த ஒரே ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லித்தரத்தான். திருமணம் நடந்தது 1927ஆம் ஆண்டு. படமோ அதனை 1938ஐ ஒட்டிக் காட்டுகிறது. படத்தில் கடுமையானவராக வரும் தந்தை, உண்மையில் இசையை விரும்பிய மென்மையான மனிதர். அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியது இரயில் ஏறி, இத்தாலிக்கு. சால்ஸ்பர்க் நகரை அடுத்த மலையைக் கடந்திருந்தால் ஹிட்லரின் ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

இத்தனை மாற்றங்களுக்கிடையே ஒன்று மட்டும் மாறவில்லை. ஹிட்லரின் கடற்படையில் பதவி ஏற்க அத்தந்தை மறுத்தார். மனச்சான்றுக்காக வீட்டையும் நாட்டையும் இழக்கத் துணிந்தது அக்குடும்பம். அதுவே இக்கதையின் உயிர்.

2. கற்பனையில் எழுந்த கதை

2005 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 61 பகுதிகளாக வந்த கார்ட்டூன் தொடர் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. நாம் ஐம்பூதம் என்போம். இக்கதையில் நிலம், நீர், நெருப்பு, காற்று என நான்கின் பெயரால் நான்கு மக்களினங்கள். நெருப்பு நாடு மற்றவர்மீது நூறாண்டுகளாகப் போர் தொடுக்கிறது. பனிக்கட்டிக்குள் நூறாண்டு உறங்கி விழித்த ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் இனமே அழிந்துவிட்டதை அறிந்து கலங்குகிறான். போரில் தாயைப் பறிகொடுத்த கட்டாரா என்னும் சிறுமி அவனுக்குத் துணையாகிறாள். பெண்களுக்குப் போர்க்கலை கற்பிப்பதில்லை என்று மறுத்த குருவையே போட்டிக்கு அழைத்து, தோற்றும் தளராமல், முடிவில் அவருடைய மாணவியாகிறாள் அவள்!

அந்நாடுகள் எந்த உலகப் படத்திலும் இல்லை. ஆயினும் அச்சுவர் வெறுங்காற்றில் எழுந்ததன்று. அவதாரம் என்ற சொல் நம் நாட்டிலிருந்து சென்றது. நீரை ஆளும் அசைவுகள் தாய்ச்சி என்ற சீனக் கலையையும், நெருப்பை ஆளும் அசைவுகள் வட ஷாவோலின் கலையையும் தழுவியவை. எல்லாவற்றிற்கும் மேலாக, போரில் பெற்றோரை இழந்து அலையும் பிள்ளைகளின் துயரம் கற்பனையன்று. உலகம் கண்ட உண்மை.

முடிவுரை

முதற்கதை உண்மையில் தொடங்கிக் கற்பனையைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது கற்பனையில் தொடங்கி உண்மையைத் தொட்டது. எனவே, படம் பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்போம். இது எங்கே, எப்போது நிகழ்கிறது? இதில் நடந்தது எது, புனைந்தது எது? எல்லாம் மாறியபின்னும் மாறாது நிற்கும் உண்மை எது? முதல் இரண்டிற்கும் விடை நூலகத்தில் கிடைக்கும். மூன்றாவதை நம் உள்ளத்தில்தான் தேட வேண்டும். கண்ணால் காண்பதோடு கருத்தாலும் காண்போம், தோழியரே!