குடலுக்குள் ஒரு குடியிருப்பு

பாக்டீரியா என்றதும் காலராவும் காசநோயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நமக்கு உற்ற துணையாக நம் குடலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. விலங்கியல் மாணவன் என்ற முறையில் அவற்றைப் பற்றி நான் படித்தறிந்த சிலவற்றை இங்கே கூற விழைகிறேன்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும் என்று 2016-ஆம் ஆண்டில் அறிஞர்கள் கணக்கிட்டனர். உடலின் சொந்தச் செல்களோ 30 லட்சம் கோடிதான்! இத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இவை அங்கே செய்யும் வேலை என்ன? கீரையிலும் பருப்பிலும் உள்ள நார்ச்சத்தை நம் செரிமான நொதிகளால் சிதைக்க இயலாது. பாக்டீரியாக்களே அதைப் புளிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலமே பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். வைட்டமின் 'கே'யையும் சில பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன.

ஹார்மோன்களிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மேற்சொன்ன அமிலங்கள் குடற்சுவரைத் தூண்டுவதால் பசியை அடக்கும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. நம் உடலிலுள்ள செரடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பெருங்குடலில் இது குறைந்திருந்ததையும், பாக்டீரியாவைக் குடியேற்றியபின் உயர்ந்ததையும் 2015-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் கண்டனர். எனினும், குடலில் உருவாகும் செரடோனின் மூளைக்குள் நேரே புகுவதில்லை. ஆகவே, தயிர் உண்டால் மனக்கவலை தீரும் என்று முடிவு கட்டிவிடலாகாது.

இக்குடியிருப்பு குலைந்தால் என்ன ஆகும்? எதிர் உயிரி மருந்துகள் பகைவரோடு நண்பரையும் அழித்துவிடுகின்றன. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் டிஃபிசிலி என்னும் பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதுண்டு. இந்நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நெதர்லாந்து மருத்துவர்கள் விந்தையானதொரு சிகிச்சை அளித்தனர். நலமுள்ளவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியே நோயாளியின் சிறுகுடலில் செலுத்தினர். முகம் சுளிக்க வேண்டா! 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் உட்கொண்ட 13 பேரில் 4 பேரே தேறினர். இம்முடிவு வெளியான ஆண்டு 2013.

சளி பிடித்தால், அறைத்தோழரிடம் மீதமிருக்கும் எதிர் உயிரி மாத்திரையை வாங்கி விழுங்கும் நண்பர்களை நம் விடுதியிலேயே நான் பார்க்கிறேன். சளிக்குக் காரணம் வைரஸ்; அம்மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. தாக்கப்படுவது குடலில் உள்ள நம் துணைவர்களே. மருத்துவர் தந்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் உண்போம். கீரை, பயறு, சிறுதானியங்களை நாள்தோறும் உணவில் சேர்ப்போம். அவை நமக்கு மட்டுமல்ல, நம்முள் வாழும் கோடானுகோடி உயிர்களுக்கும் உணவு.