பஞ்சு நீரை எங்கே வைத்துக்கொள்கிறது?

பஞ்சு நீரை உறிஞ்சும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் எல்லாப் பஞ்சும் அவ்வாறு செய்வதில்லை. மலாய்க்காரர்கள் கெக்காபு என்றழைக்கும் இலவ மரத்தின் காய் வெடிக்கும் பருவத்தில், ஒரு பிடிப் பஞ்சை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது மூழ்காது மிதக்கும். நாரின் மேலுள்ள மெழுகும், நாரின் உட்குழலில் அடைபட்டிருக்கும் காற்றும் அதற்குக் காரணம். இதனாலேயே முற்காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தனர்.

பருத்தியும் செடியிலிருந்து பறித்த நிலையில் மெழுகுடையதே. அதனைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்து, மெழுகை நீக்கி வெளுத்த பின்னரே அது மருத்துவப் பஞ்சாகிறது. தமிழ்நாட்டில் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் துணி நெய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு நெய்யப்படும் துணியும் வெந்து வெளுத்த பிறகே மருத்துவமனைக்கு ஏற்றதாகிறது.

ரவாங் வட்டாரத் தோட்டங்களில் உள்ள தாய்மார்கள் இதனை வீட்டிலேயே பயன்படுத்திக்கொள்ளலாம். குழந்தைக்கு வாங்கிய புதிய பருத்தி அணையாடை ஈரத்தை ஏற்காமல் வழிய விடுகிறதா? துணியைக் குறை கூற வேண்டாம். சவர்க்காரமும் சலவைச் சோடாவும் இட்ட வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்து, நன்கு அலசி வெயிலில் உலர்த்தினால் அது உறிஞ்சத் தொடங்கும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை மட்டும் சேர்க்கக் கூடாது. அது நாரின் மேல் கொழுப்புப் போன்ற பூச்சை ஏற்றி, நீக்கிய மெழுகை மீண்டும் பூசியது போலாக்கிவிடும்.

மெழுகை நீக்கிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உறிஞ்சிய நீர் எங்கே தங்குகிறது? சமமான இரண்டு துண்டு மருத்துவப் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திரிபோல இறுக்கமாக முறுக்குங்கள். மற்றதை நன்றாகப் பிரித்து உப்ப விடுங்கள். தேக்கரண்டியால் இரண்டின் மீதும் நீர் ஊற்றி, எது முதலில் சொட்டுகிறது என்று கவனியுங்கள். எடை ஒன்றாயினும் முறுக்கியதே முதலில் சொட்டும். நீரின் பெரும்பகுதி நாருக்குள் அன்று, நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள வெளியிலேயே தங்குகிறது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998ஆம் ஆண்டில் பெண்களுக்கான மாதவிடாய் நாப்கினைக் குறைந்த விலையில் செய்ய முற்பட்டபோது, முதலில் பருத்திப் பஞ்சையே துணியில் பொதிந்தார். அது கசிந்தது. பஞ்சு நனைந்ததும் துவண்டு படிந்துவிடும். மேலே உடலின் அழுத்தம் விழும்போது, உள்ளிருந்த ஈரம் பிழியப்பட்டு வெளியேறும். பெரிய நிறுவனங்களின் நாப்கினில் இருப்பது பருத்தி அன்று, பைன் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நார் என்று கண்டறிய அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கூழ் கெட்டியான அட்டையாகத்தான் விற்பனைக்கு வருகிறது. அட்டையை அரைத்து, நார் நாராகப் பிரித்து உப்ப வைக்கும் சிறிய இயந்திரத்தை அவரே வடிவமைத்தார். மகளிர் குழுக்கள் வாங்கி நடத்தக்கூடிய அந்த இயந்திரத்திற்காக 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதைப் பற்றிப் பேசவும் கூசிய காலத்தில், ஓர் ஆண்மகன் இத்தனை ஆண்டுகள் இதற்காகச் செலவிட்டது எளிய செயல் அன்று.

பைன் மரத்தை ஏன் தேடினர்? அதன் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. நம் ரப்பர் மரத்தின் நார் அதில் பாதியளவே இருக்கும். நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னி, இடையே வெளிவிட்டு நிற்கும். ரப்பர் மரம் நாற்காலிக்கும் மேசைக்கும் போவதுதான் அதற்குச் சிறப்பு.

பைன் நாரும் நனைந்தால் ஓரளவு தளரவே செய்யும். இதற்குச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் கண்ட வழி, பால்மரம் சீவும் உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது. வெறும் ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால், கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே பாலமிட்டுப் பிணைக்கிறது. ரப்பர் உறுதி பெற்று, இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட முறை இது. செல்லுலோஸ் நாருக்குக் கந்தகத்தின் இடத்தில் வருவது சிட்ரிக் அமிலம். எலுமிச்சைக்குப் புளிப்பைத் தருவதும் அதுவே. நார் மீது அமிலக் கரைசலைத் தெளித்து, உலர்த்திப் பிரித்து, உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்துகின்றனர். அமிலம் நாரின் உள்ளே பாலமிடுகிறது. நார் சுருண்டு விறைத்து, ஈரத்திலும் சுருள்வில்போல நிற்கிறது.

இதில் வியப்பு என்னவெனில், இவ்வாறு பதப்படுத்திய நார், தன்னளவில் முன்னைவிடக் குறைவாகவே நீரை ஏற்கிறது. ஆயினும் இடைவெளிகள் மூடாமல் இருப்பதால் மொத்தத்தில் அதிகமாகத் தாங்குகிறது.

இன்று கடைகளில் விற்கும் குழந்தை அணையாடைகள் பலவற்றில், செல்லுலோஸ் நாருடன் வேறொரு பொருளும் உண்டு. நனைந்ததும் கூழ்போல உப்பும் செயற்கை மணிகள் அவை. ஈரத்தைப் பூட்டி வைப்பது அவற்றின் வேலை. வந்த ஈரத்தை விரைவில் வாங்கி, அந்த மணிகள் வரை பரப்புவது நாரின் வேலை. நறுமணம் சேர்ப்பதால் உறிஞ்சும் ஆற்றல் கூடுவதில்லை. பயன்படுத்தியவற்றைக் கழிப்பறைக் குழியிலோ சாக்கடையிலோ போடக் கூடாது. அங்கே நாரும் மணிகளும் மேலும் நீரை ஏற்று உப்பிக் குழாயை அடைத்துவிடும். தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இடுவதே முறை.